நாசரேத்து இல்லம் நின்ற கிராமம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வடகடலுக்குள் தோள் நீட்டினாற்போல் அமைந்திருப்பது நார்ஃபோக் மாவட்டம். அதன் வடபகுதியில், கடலிலிருந்து ஐந்து மைல் உள்ளே, ஸ்டிஃப்கி என்னும் சிற்றாற்றின் கரையில் இரு கிராமங்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்றின் பெயர் பெரிய வால்சிங்கம். மற்றொன்றின் பெயர் சிறிய வால்சிங்கம். பெயரைக் கேட்டு ஏமாறுவோர் பலர். சிறியதே பெரியது! தேவமாதாவின் புகழால் வளர்ந்த ஊர் அது. பழைய பெயர் மட்டும் மாறவில்லை.

லண்டனிலே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியிருக்க, அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் இன்று நம் பங்குகளில் அநேகர். ‘வால்சிங்கம் போய் வந்தோம்’ என்பர் அவர்கள். விசாரித்தால், காலையில் பேருந்தில் இறங்கி, திருப்பலி கண்டு, செபமாலைப் பவனியில் நடந்து, மாலையில் அதே பேருந்தில் திரும்பிய கதையாகவே இருக்கும். அதிலும் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அக்கிராமத்தின் விருந்தினர் விடுதியொன்றில் ஐந்து நாள் தங்கி, அக்கம்பக்கத்து ஊர்களையும் நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. ஒரு பகற்பொழுதில் கண்ணுக்குப் படாதவை எத்தனை என்பதை அப்போதே உணர்ந்தோம்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயிலேறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிங்ஸ் லின் நகரை அடையலாம். அங்கிருந்து பேருந்தோ காரோதான். கட்டடக் கல் கிடைக்காத சீமை நார்ஃபோக். ஆகவே வயலில் உழுபடைக்குத் தட்டுப்படும் சிக்கிமுக்கிக் கற்களைப் பொறுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, வீடும் மதிலும் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் அச்சுவர்கள் கருநீலமாக மின்னுவது தனி அழகு.

நாங்கள் தங்கிய விடுதியும் அவ்வகைச் சுவருடைய பழைய வீடே. விடுதி அம்மையார் காலையுணவை மேசை நிறைய வைப்பார்: முட்டை, வறுத்த பன்றியிறைச்சி, தொத்திறைச்சி, காளான், தக்காளி, ரொட்டி. வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் தட்டில் இறைச்சி இல்லை. நாங்கள் கேட்குமுன்னரே அவர் விலக்கிவிட்டார். இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டும் கடமையாக்கினர். திருப்பயணிகளை நம்பி வாழும் ஊரில் விடுதிக்காரரும் திருச்சபையின் நாட்காட்டியை அறிந்திருக்க வேண்டியிருக்கிறது!

ஊரின் வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும். 1061-ஆம் ஆண்டு, ரிச்செல்டிஸ் என்னும் சீமாட்டிக்குத் தேவமாதா தோன்றி, கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொன்ன நாசரேத்து இல்லத்தைக் காட்சியில் காட்டி, அதே அளவில் இவ்வூரில் ஓர் இல்லம் எழுப்பப் பணித்தார் என்பது மரபு. ஆண்டைப் பற்றி ஆராய்ச்சியாளர் வாதிடுகின்றனர். அடுத்த நூற்றாண்டில்தான் என்பாரும் உண்டு. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் சபைத் துறவியர் அவ்வில்லத்தைக் காக்க இங்கே மடம் அமைத்ததில் ஐயமில்லை. எருசலேமுக்குச் செல்ல இயலாத ஏழை எளியவர்க்கு நாசரேத்து அவர்கள் நாட்டுக்கே வந்துவிட்டது. இரவு வானத்துப் பால்வீதியையும் ஆங்கிலேயர் ‘வால்சிங்கம் வழி’ என்று அழைத்தார்களாம்.

அரசர்களும் வந்தார்கள். எட்டாம் ஹென்றி 1511-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமக்கு ஆண்மகவு பிறந்ததற்கு நன்றி செலுத்த வந்தார். இரண்டு மைலுக்கு அப்பாலுள்ள பார்ஷம் கிராமத்திலிருந்து வெறுங்காலோடு நடந்தார் என்பது வழிவழிச் செய்தி. அக்குழந்தை இரு மாதமும் நிறைவதற்குள் இறந்துபோயிற்று. மறு ஆண்டு வந்த அறிஞர் எராஸ்மஸ், கிரேக்க மொழியில் ஒரு பாடலைக் காணிக்கையாக்கிச் சென்றார். மெழுகுதிரி ஒளியில் பொன்னும் மணியும் மின்னிய சிற்றாலயத்தைத் தம் நூலொன்றில் அவர் கேலியும் வியப்பும் கலந்து வருணித்துள்ளார்.

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. வெறுங்காலோடு நடந்த அதே அரசரின் கட்டளையால் 1538-இல் மடம் மூடப்பட்டது. மாதாவின் சுரூபம் லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டே, மடங்கள் அழிக்கப்படுவதை எதிர்த்துச் சதி செய்ததாகப் பதினொருவர் கொல்லப்பட்டனர். மடத்தின் துணைத் தலைவர் நிக்கொலாஸ் மைல்ஹாமும் ஜார்ஜ் கிஸ்பரோ என்பவரும் இவ்வூரிலேயே கொலையுண்டனர். மடத் தலைவரோ கையொப்பமிட்டுக் கொடுத்து, ஆண்டுக்கு 100 பவுன் ஓய்வூதியம் பெற்றார். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஒரே மடத்தில் ஒரே உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்த இருவர்! யார் எப்படி நிற்பார் என்பதை எவர் முன்னறிவார்?

இன்று அம்மடத்து நிலத்தில் முக்கியமாக எஞ்சி நிற்பது கிழக்குச் சாளரத்தின் பெரும் வளைவு. கட்டணம் செலுத்தி உள்ளே சென்றால், பசும்புல்லின் நடுவே கூரையும் சுவரும் இன்றி அது தனித்து நிற்கக் காணலாம். அதற்கு அப்பால் பழைய கிணறுகள் இரண்டு உள்ளன. வயிற்றுநோயும் தலைநோயும் தீர மக்கள் அவற்றின் நீரைப் பருகியதை எராஸ்மஸ் குறிப்பிடுகிறார். பிப்ரவரியில் ஆற்றோரத் தோப்பெங்கும் ‘பனித்துளி’ எனப்படும் வெண்மலர்கள் பூத்து, தரையே தெரிவதில்லை. அதைக் காணவே கூட்டம் வருகிறது.

ஆனால் எங்களை நெடுநேரம் நிறுத்தியது இந்த வளைவன்று. ஊர் நடுவிலுள்ள சிறிய சந்தைச் சதுக்கமே. நடுவில் பதினாறாம் நூற்றாண்டின் கல் நீர்மண்டபம். சுற்றிலும் மரச்சட்ட வீடுகள். எதிரே பழைய நீதிமன்றம், இன்று காட்சியகம். சுரூபம் எரிக்கப்பட்ட பிறகு, கடற்கரை ஊராகிய வெல்ஸைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண், வால்சிங்கம் மாதா லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட பின்னும் ஒரு புதுமை செய்தார் என்று சொல்லியிருக்கிறாள். செய்தி அதிகாரிகள் காதுக்கு எட்டியது. அவ்வட்டாரத்துப் பிரபுவான சர் ரோஜர் டவுன்செண்டு அவளைப் பிடித்து விசாரித்தார். சந்தை நாள் காலையில், பனிக்காலக் குளிரில், அவளைத் தொழுமரத்தில் மாட்டினர். பொய்க்கதை பரப்புகிறவள் என்று எழுதிய காகிதத்தைத் தலையில் சூட்டினர். பின்னர் வண்டியில் ஏற்றிச் சந்தையைச் சுற்றி இழுத்துச் சென்றனர். சிறுவர்கள் பனிக்கட்டி உருண்டைகளை அவள்மேல் எறிந்தனர். இவையெல்லாம் பக்தர் எவரும் புனைந்த கதையல்ல; தண்டித்தவரே அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளவை. இத்தனையும் செய்த பின்னரும், அந்தச் சுரூபம் சிலருடைய தலையைவிட்டு இன்னும் போகவில்லை என்று தமக்குத் தோன்றுவதாக அவரே அதில் ஒப்புக்கொள்கிறார்.

சதுக்கத்தில் அவளுக்குக் கல்வெட்டு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியில் எங்களுள் ஒருவர் கேட்டார்: “அரசனுக்கு நூல்கள் எத்தனை, எராஸ்மஸுக்கு எத்தனை! இவளுக்கு ஒரு செபம் சொன்னால் என்ன?” அன்றிரவுச் செபமாலையில் ஒரு பத்துமணி அவளுக்காகவே சொல்லப்பட்டது.

மறுநாள் காலை ஆற்றோரமாக ஒரு மைல் தெற்கே நடந்து ஹௌட்டன் செயின்ட் கைல்ஸ் சென்றோம். தார்ச் சாலை வழியாகவும் போகலாம். தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பழைய ரயில் பாதை வழியாகவும் போகலாம். குழந்தைகளுடன் செல்வோர்க்குப் பின்னதே நல்லது. வாகனப் பயம் இல்லை. இந்த ஒரு மைலே ‘புனித மைல்’. இதன் தொடக்கத்தில், ஏறத்தாழ 1340-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அலெக்சாந்திரியா புனித கத்தரீனம்மாள் சிற்றாலயம் நிற்கிறது. ‘செருப்புச் சிற்றாலயம்’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பயணிகள் இங்கே பாதரட்சைகளைக் கழற்றிவிட்டு, எஞ்சிய தூரத்தை வெறுங்காலோடு நடந்தனர் என்பதனால் அப்பெயர் என்பர்.

இச்சிற்றாலயம் தப்பியதே ஒரு தனிக் கதை. மடம் அழிந்தபின் இது ஏழைகள் குடியிருப்பாயிற்று, கொல்லன் பட்டறையாயிற்று, இறுதியில் மாட்டுத் தொழுவமாயிற்று. இடித்துத் தள்ளுவதற்குக்கூட எவருக்கும் பயன்படாததனால் பிழைத்தது எனலாம். சார்லட் பியர்சன் பாய்ட் என்னும் சீமாட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதை விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்துத் திருச்சபைக்கு அளித்தார். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் முதல் திருப்பயணக் குழு கிங்ஸ் லின்னிலிருந்து வந்தது. 1934-இல் கர்தினால் போர்ன் பதினாயிரம் பேருக்கு மேல் அழைத்து வந்தார். அன்று முதல் இது கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலம். 1954-இல் மாதாவின் சுரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் இத்திருத்தலத்தைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார்.

உள்ளே சிலரே முழந்தாளிட இடமுண்டு. அரியணையில் அமர்ந்து, கையில் லீலிமலர்ச் செங்கோல் ஏந்தி, மடியில் பாலனை வைத்திருக்கும் அன்னையின் சுரூபம், பழைய மடத்து முத்திரையைப் பார்த்துச் செய்யப்பட்டது. பெருங்கூட்டத்துக்கென அருகே 1981-இல் ஒப்புரவு ஆலயம் எழுப்பப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்பவர், குடியானவர் ஒருவர் களஞ்சியம் கட்டி வைத்திருக்கிறார் என்றே நினைப்பர். நார்ஃபோக் தானியக் களஞ்சியத்தின் சாயலை அதற்கு வேண்டுமென்றே கொடுத்தார்களாம். கோபுரமும் கொடிமரமும் கண்டு பழகிய எங்களுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. தொழுவம் திருத்தலமான இடத்தில் களஞ்சியச் சாயல் பொருந்தாமற் போகுமா என்று பின்னர் தேறினோம்.

ஊருக்குள்ளேயே ஆங்கிலிக்கன் திருச்சபையினரின் மாதா திருத்தலமும் உண்டு. 1921-இல் பங்குப் பொறுப்பேற்ற அருட்பணி ஹோப் பாட்டன் அவர்களின் முயற்சி அது. 1931-இல் நாசரேத்து இல்லத்தை அங்கே செங்கல்லால் மீண்டும் எழுப்பினார். அங்குள்ள கிணற்று நீரைப் பருகக் கொடுத்து, நெற்றியில் சிலுவையிட்டு, உள்ளங்கையில் வார்ப்பார்கள். பழைய ரயில் நிலையத்திலோ ஆர்த்தடாக்ஸ் சபையினரின் சிறு ஆலயம். நிலையக் கூரைமேல் வெங்காய வடிவில் ஒரு குட்டிக் கவிகை! 1964-இல் பயணிகள் ரயில் நின்றுபோன கட்டடத்துக்கு இப்படியொரு வாழ்வு. ஒரே தாயின் வீட்டுக்கு மூன்று வாசல்கள் இருப்பது மகிழ்ச்சியா வருத்தமா என்று எங்களுக்குள் விவாதம் எழுந்தது, முடிவு எட்டவில்லை.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது குட்டி ரயிலே. வால்சிங்கத்திலிருந்து வெல்ஸ் வரை நான்கு மைல். தண்டவாளங்களுக்கிடையே பத்தேகால் அங்குலந்தான் அகலம். அந்த அளவு பாதைகளில் உலகிலேயே நீளமானது இது. 1982-இல் தொடங்கப்பட்டது. நீராவி இயந்திரம் புகை கக்கிக்கொண்டு கோதுமை வயல்களின் ஊடே அரை மணி நேரம் ஓடுகிறது. பெரியவர்கள் முழங்காலைத் தாடையோடு சேர்த்து மடக்கி உட்கார வேண்டும். குளிர்காலத்தில் ஓடுவதில்லை. அந்த ஏழைப் பெண்ணின் ஊருக்கே இது போகிறது என்பது எங்களுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

வெல்ஸ் ஒரு சிறு துறைமுகம். படித்துறையில் சிறுவர் சிறுமியர் நூலில் பன்றியிறைச்சித் துண்டைக் கட்டி நண்டு பிடித்து, வாளியில் போட்டு எண்ணிவிட்டு, மாலையில் எல்லாவற்றையும் மீண்டும் நீரில் விட்டுவிடுகிறார்கள். பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் காகிதத்தில் வாங்கி அங்கேயே உட்கார்ந்து உண்ணலாம். கடற்புறாக்களிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 1880 அக்டோபர் 29 அன்று ‘எலைசா ஆடம்ஸ்’ என்னும் உயிர்காப்புப் படகு, புயலில் தத்தளித்தோரை மீட்கச் சென்று கவிழ்ந்தது. பதின்மூவரில் பதினொருவர் மாண்டனர். துறையோரத்து நினைவுக்கல் முன் நம் கடற்கரைப் பங்குகளிலிருந்து வருவோர் சற்றே நிற்காமல் போகமாட்டார்கள். ஒரு மைல் அப்பால் பைன் தோப்பும் மணற்பரப்பும். நீர் வற்றும்போது கடல் கண்ணுக்கெட்டாத் தூரம் விலகும். திரும்பும்போதோ பின்புறக் கால்வாயை முதலில் நிரப்பிவிட்டு வரும். ஏற்றவற்ற நேரம் அறியாமல் மணல்திட்டில் குழந்தைகளை விளையாட விடலாகாது.

அங்கிருந்து மேற்கே ஹோக்கம் மாளிகை. 1734-இல் தொடங்கி முப்பது ஆண்டு கட்டியது. மாளிகையைவிட அதன் வயல்கள் எங்களுக்குச் சுவையாயிருந்தன. கோதுமை, டர்னிப் கிழங்கு, வாற்கோதுமை, குளோவர் புல் என நான்கு பயிர்களைச் சுழற்சியாக இட்டு நிலம் தரிசு கிடக்காமல் காக்கும் முறையை நாடெங்கும் பரப்பியதில் இக்குடும்பத்துக்குப் பங்குண்டு. கிழக்கே மார்ஸ்டன் துறையிலிருந்து படகில் பிளேக்னி முனைக்குச் சென்றால் கடல்நாய்களைக் காணலாம். சாம்பல்நிறக் கடல்நாய்கள் அக்டோபர் இறுதி முதல் ஜனவரி வரை அங்கே குட்டி போடுகின்றன. இங்கிலாந்திலேயே மிகப் பெரிய கூட்டம். வடதுருவத்திலிருந்து நேரே வருவதுபோன்ற காற்று. கோடையிலும் கம்பளிச் சட்டை தேவை. சாண்டிரிங்ஹாம் அரண்மனையும் காரில் போய்வரும் தூரமே. பூங்கா அழகு; கூட்டம் அதிகம்.

கட்டாயம் பார்க்க வேண்டியது, நாலைந்து மைல் தூரத்துப் பின்ஹாம் கிராமத்தின் ஆலயம். 1091-இல் பெனடிக்டைன் துறவியர் எழுப்பிய மடத்தின் நடுக்கூடம் மட்டும் பங்கு ஆலயமாகத் தப்பி நிற்கிறது. இன்று ஆங்கிலிக்கன் வழிபாடு நடப்பது. ஏழு திருவருட்சாதனங்களும் செதுக்கிய பழைய ஞானஸ்நானத் தொட்டி உண்டு. உருவங்களின் முகங்கள் சிதைக்கப்பட்டுள்ளன. அருகே மரத்தடுப்பின் பலகைகள். பலிபீடத்தின் முன் நின்ற அத்தடுப்பில் புனிதர்களின் ஓவியங்கள் இருந்தன. சீர்திருத்தக்காரர் அவற்றின்மேல் வெள்ளை பூசி, அதன்மேல் ஆங்கில வேதாகம வசனங்களைக் கரிய எழுத்தில் எழுதினர். நாளடைவில் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. இன்று வசனங்களுக்கு இடையே, எழுத்துகளை ஊடுருவிக்கொண்டு, புனிதர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்! வசனமும் வேதவாக்கே, அழிக்க வேண்டியதன்று. படமும் முழுதாக மறையவில்லை. அப்பலகைக்கு முன் எங்களில் எவரும் பேசவில்லை.

மற்றொரு நாளை ஆக்ஸ்பரோ மாளிகைக்கு ஒதுக்கினோம். முப்பது மைலுக்குள் இருக்கும். நாற்புறமும் அகழி சூழ்ந்த இச்செங்கல் மாளிகையை 1482 அளவில் கட்டியவர்கள் பெடிங்ஃபெல்டு குடும்பத்தார். தண்டமும் அவமதிப்பும் பட்டும் பழைய விசுவாசத்தை விடாதவர்கள். குருக்களை ஒளித்து வைத்த மறைவறை இன்றும் உள்ளது: தரையோடு தரையாக ஓடு பதித்த மூடி; அதைத் தூக்கினால் ஓராள் நுழையும் துளை; உள்ளே இருட்டு. பூசை வைக்க வந்த குருவானவர், தேடுவோரின் காலடி ஓசையைத் தலைக்குமேல் கேட்டுக்கொண்டு அதற்குள் மூச்சடக்கி இருந்திருப்பார்.

2020-ஆம் ஆண்டு கூரை செப்பனிடும்போது மேல்மாடத்துத் தரைப்பலகைகளின் கீழ் எலிக்கூடுகள் கிடைத்தன. எலிகள் இழுத்துச் சேர்த்த பழந்துணிகளும் காகிதத் துண்டுகளும் அவற்றில் இருந்தன. கூரைக் குப்பையிடையே, நீலமும் பொன்னும் மங்காத பதினைந்தாம் நூற்றாண்டுத் தோல் ஏட்டுத் துண்டு ஒன்றும் ஒரு தொழிலாளியின் கண்ணில் பட்டது: இலத்தீன் மொழியில் முப்பத்தொன்பதாம் சங்கீதத்தின் ஒரு பகுதி. 1568-இல் அச்சான சங்கீதச் செபநூல் ஒன்றும் கிடைத்தது. இரத்தசாட்சியான கர்தினால் புனித ஜான் ஃபிஷர் இயற்றியது எனப்படுவது. வீட்டில் வைத்திருந்தாலே ஆபத்தான நூல்களைப் பலகைக்கடியில் யார் செருகினார்களோ, திரும்ப எடுக்க வாய்க்காமலே போனார்களோ!

நார்விச் நகருக்கு ஒரு முழு நாள் போதாது. ஏறத்தாழ 30 மைல். கத்தோலிக்கர் 1910-இல் கட்டி முடித்த புனித ஸ்நாபக அருளப்பர் பேராலயம் 1976 முதல் கிழக்கு ஆங்கிலியா மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். தெய்வீக அன்பின் காட்சிகளை எழுதிய ஜூலியன் அம்மையார் தவமிருந்த சிற்றறை, 1942-இல் குண்டுவீச்சில் சிதைந்த கோயிலோடு சேர்த்து மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது.

நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் வால்சிங்கத்தில் தமிழ்த் திருப்பயண நாள் நடைபெறுகிறது. போரினால் ஊரையும் உறவையும் இழந்து அந்நாட்டில் குடியேறிய ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கர், மடு மாதாவை நினைத்து ஆயிரக்கணக்கில் திரளுகின்றனர். அன்று புனித மைலில் கேட்பது தமிழ்ச் செபமாலை. இத்திருத்தலத்துக்கு வரும் மிகப் பெரிய கூட்டங்களுள் அதுவும் ஒன்று. அந்நாளில் போக விரும்புவோர் அறைக்கு நெடுநாள் முன்னரே எழுதிக் கேட்டுவிட வேண்டும். கிராமத்தில் விடுதிகள் சிலவே. அமைதியாக இருந்து பார்க்க விரும்புவோர்க்கு மே மாதமோ செப்டம்பரோ ஏற்றது. குட்டி ரயிலும் ஓடும், சாலையில் பேருந்துக் கூட்டமும் குறைவு.